விஷத்தைச் சுமக்கும் பிளாஸ்டிக் பொடி! கடல் பாசியின் கதி என்ன?

கடலில் பிளாஸ்டிக் குப்பை சேருகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

வயலுக்கு அடித்த பூச்சி மருந்து, தொழிற்சாலைக் கழிவு, நாம் விழுங்கிய மாத்திரையின் மிச்சம் ஆகியவையும் சாக்கடை வழியாகவும், ஆற்று வழியாகவும் கடலுக்குத்தான் போகின்றன. இதுவும் தெரிந்ததே.

இந்த இரண்டும் கடலில் ஒன்றை ஒன்று சந்தித்தால் என்ன ஆகும்? பிளாஸ்டிக்கோடு சேரும்போது விஷத்தின் வேகம் கூடுமா? குறையுமா?

இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகள் பல நாடுகளில் சோதனை நடத்தியிருக்கிறார்கள். யானை, திமிங்கிலம் போன்ற பெரிய பிராணிகளை வைத்து அல்ல. கண்ணுக்கே தெரியாத கடல் பாசியை வைத்து!

கிடைத்த விடை விசித்திரமானது. சில சமயம் விஷம் கூடுகிறது. சில சமயம் குறைகிறது. சில சமயம் ஒரு மாற்றமும் இல்லை!

கண்ணுக்குத் தெரியாத பயிர்

கடல் பாசி என்றதும் பாறையில் வழுக்கும் பச்சைப் பாசி நினைவுக்கு வரும். இங்கே சொல்வது அந்தப் பாசி அல்ல. கடல் நீரில் மிதந்து வாழும் மிக நுண்ணிய பாசி. ஒரே ஒரு செல்தான் அதன் முழு உடம்பு.

கடல் நீரை ஒரு டம்ளரில் எடுத்துப் பார்த்தால் தெளிவாகவே தெரியும். அதையே மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால் ஆயிரக்கணக்கான பாசிகள் தெரியும். சில உருண்டையாக இருக்கும். சில சங்கிலி போலக் கோத்திருக்கும். சில வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும்.

இந்தச் சின்னஞ்சிறு பாசிகள்தான் கடலின் நெல் வயல். வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு இவை உணவு தயாரிக்கின்றன. அப்போது பிராணவாயுவை வெளியே விடுகின்றன. உலகில் உள்ள தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் தயாரிக்கும் உணவில் ஏறக்குறையப் பாதியைத் தயாரிப்பவை, கடலில் மிதக்கும் இந்த நுண்ணுயிர்களே!

பாசியைச் சிறு பூச்சிகளும் கூனி இறாலும் தின்கின்றன. அவற்றை நெத்திலியும் சாளையும் தின்கின்றன. அவற்றைப் பெரிய மீன்கள் தின்கின்றன. மீனவர் வலையில் விழும் மீன், கடைசியில் நம் வீட்டுக் குழம்புக்கு வருகிறது. பாசிக்குக் கேடு வந்தால், இந்த ஏணி முழுவதும் ஆடும்.

இப்படிப்பட்ட பாசிகளில் ஒன்றின் பெயர் ஐசோகிரைசிஸ். பொன் நிறமானது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 200 பாசிகளை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சிறியது! சிப்பிக் குஞ்சுகளை வளர்க்கும் பண்ணைகளில் இதைத்தான் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடுகிறார்கள். பசிபிக் கடலில் உள்ள டாஹிட்டி தீவிலிருந்து எடுத்த ஒரு வகை, இன்று உலகம் முழுவதும் பண்ணைகளிலும் ஆராய்ச்சி சாலைகளிலும் வளர்கிறது.

இந்தப் பொன்னிறப் பாசி இந்தக் கதையில் மீண்டும் வரும்.

பிளாஸ்டிக் பொடியானது எப்படி?

பைகளும் குடங்களும் செய்யப் பயன்படும் பாலிதீன், 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தற்செயலாகப் பிறந்தது. அது எளிதில் உடையாது, மட்காது, விலையும் மலிவு. எனவே உலகம் அதை இரு கை நீட்டி வரவேற்றது.

மட்காத பொருள் கடலுக்குப் போனால்? அங்கே வெயில் அதைக் காய்ச்சுகிறது. அலை அதை மோதுகிறது. மணல் அதை உரசுகிறது. பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகி நொறுங்குகிறது. பெரிய துண்டு சிறு துண்டாகிறது. சிறு துண்டு பொடியாகிறது. ஆனால் அழிவதில்லை!

1972ஆம் ஆண்டிலேயே எட்வர்டு கார்ப்பென்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அட்லாண்டிக் சமுத்திரத்தின் சர்காசோ கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண்டு எழுதினார். அப்போது அதைப் பெரிதாக நினைத்தவர்கள் குறைவு.

2004ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பிளிமத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்டு தாம்சனும் அவருடைய நண்பர்களும் ஒரு காரியம் செய்தார்கள். சரக்குக் கப்பல்கள் பல ஆண்டுகளாகக் கடல் பாசியைப் பிடிப்பதற்காக ஒரு கருவியை இழுத்துச் செல்வது வழக்கம். அதில் உள்ள பட்டுத் துணியில் பாசி ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணிகளைப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள கடலில் எடுத்த பழைய துணிகளைத் தாம்சன் குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள்.

1960க்குப் பிந்திய துணிகளிலேயே, பாசியோடு பாசியாகப் பிளாஸ்டிக் நாரும் ஒட்டியிருந்தது! 1980க்குப் பிறகு எடுத்த துணிகளில் அது இன்னும் பெருகியிருந்தது.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த இந்தத் துணுக்குகளுக்கு “மைக்ரோ பிளாஸ்டிக்” என்று பெயர். தமிழில் பிளாஸ்டிக் பொடி என்று சொல்லலாம்.

உடைந்த வாளியும் பையும் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நைலான், பாலியெஸ்டர் துணிகளைத் துவைத்தாலும் நார் உதிர்கிறது. ஒரே ஒரு துணியை ஒரு முறை இயந்திரத்தில் துவைத்தால் 1,900க்கு மேற்பட்ட நார்கள் உதிரக்கூடும் என்று 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. அந்தத் தண்ணீரும் கடைசியில் கடலைத்தான் தேடிப் போகிறது.

சாம்பார் டப்பா சொல்லும் பாடம்

பிளாஸ்டிக்குக்கும் விஷத்துக்கும் என்ன உறவு? அடுப்பங்கரைக்குள் போனால் புரிந்துவிடும்.

சாம்பாரைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு நாள் வைத்துவிட்டு, மறுநாள் கழுவிப் பாருங்கள். எத்தனை தேய்த்தாலும் மஞ்சள் கறை போவதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் ஒரே கழுவலில் பளிச்சென்று ஆகிவிடுகிறது.

காரணம் என்ன? மஞ்சளின் நிறச்சத்து தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெயில் கரையும். பிளாஸ்டிக்கோ எண்ணெயிலிருந்து பிறந்த பொருள். இனம் இனத்தோடு சேரும் என்பது போல, எண்ணெய்க் குணம் உள்ள பொருள் தண்ணீரை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது.

கடலில் கலக்கும் பல விஷங்களும் இதே குணம் உள்ளவை. டி.டி.டி. பூச்சி மருந்து அப்படிப்பட்டது. மின்சார டிரான்ஸ்பார்மர்களில் ஒரு காலத்தில் ஊற்றிய பி.சி.பி. எண்ணெயும் அப்படிப்பட்டது. தண்ணீரில் நிற்க அவற்றுக்குப் பிடிப்பதில்லை. பிளாஸ்டிக் கண்ணில் பட்டால் தாவி ஏறிக்கொள்கின்றன.

பிளாஸ்டிக் பொடியாகப் பொடியாக, விஷம் ஒட்டுவதற்கு இடமும் பெருகுகிறது. ஒரு சென்டிமீட்டர் நீள, அகல, உயரம் உள்ள ஒரு வெல்லக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் 1,000 கட்டிகள் கிடைக்கும். எல்லாவற்றின் மேல்பரப்பையும் கூட்டினால் 60 சதுர சென்டிமீட்டர். வெல்லம் அதே அளவுதான். பரப்போ 10 மடங்கு! இன்னும் பொடித்தால் இன்னும் பெருகும்.

10 லட்சம் மடங்கு விஷம்!

இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்கள் ஜப்பான் விஞ்ஞானிகள்.

டோக்கியோ விவசாயத் தொழில்நுட்ப சர்வகலாசாலையின் பேராசிரியர் ஹிதேஷிகே தகாடாவும் அவருடன் வேலை செய்தவர்களும் கடற்கரையில் பிளாஸ்டிக் குருணைகளைப் பொறுக்கினார்கள். வாளியும் நாற்காலியும் செய்வதற்கு மூலப்பொருளாகத் தொழிற்சாலைக்குப் போகும் குருணை அது. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும்.

அந்தக் குருணையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சோதித்தார்கள். சுற்றி உள்ள கடல் நீரில் இருந்ததைப்போல 1 லட்சம் முதல் 10 லட்சம் மடங்கு வரை விஷம் குருணையில் திரண்டிருந்தது! 2001ஆம் ஆண்டு இந்த முடிவு வெளிவந்தது.

2005ஆம் ஆண்டு தகாடா இன்னொரு வேலையைத் தொடங்கினார். “உங்கள் ஊர்க் கடற்கரையில் கிடக்கும் குருணையைப் பொறுக்கி எனக்குத் தபாலில் அனுப்புங்கள்” என்று உலக மக்களைக் கேட்டுக்கொண்டார். பல நாடுகளிலிருந்து உறைகள் வந்து சேர்ந்தன. எந்தக் கடலில் எந்த விஷம் அதிகம் என்று குருணையைக் கொண்டே கணித்தார்கள்.

கப்பலிலிருந்து கொட்டிய குருணை

இந்தக் குருணை நம் பக்கத்துக் கடலுக்கும் வந்திருக்கிறது.

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே நின்ற “எக்ஸ்-பிரஸ் பேர்ல்” என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. பல நாள் எரிந்து, ஜூன் மாதம் மூழ்கியது. அதில் இருந்த பிளாஸ்டிக் குருணை சுமார் 1,680 டன். நீர்கொழும்பு முதலிய கடற்கரைகளில் மணலே தெரியாதபடி குருணை ஒதுங்கியது. சில குருணைகள் வெள்ளை வெளேர் என்று இருந்தன. சில கருகிக் கட்டியாகிக் கிடந்தன.

2025ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி, கேரளக் கடலில் “எம்.எஸ்.சி. எல்சா 3” என்ற கப்பல் மூழ்கியது. அதில் 640 சரக்குப் பெட்டிகள் இருந்தன. சில நாட்களில் திருவனந்தபுரம் கரையிலும், நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் வெள்ளைக் குருணைகள் ஒதுங்கின. மணலைச் சல்லடையில் சலித்து அவற்றைப் பொறுக்க வேண்டியதாயிற்று.

கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கலாம். கடலோடு போனதை யார் பொறுக்குவது?

நாலு ஜாடி சோதனை

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். விஷம் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொண்டால் பாசிக்கு நல்லதா, கெட்டதா?

இதைச் சோதிக்கும் முறை எளிது. நாலு கண்ணாடி ஜாடிகளில் சுத்தமான கடல் நீரை ஊற்றுகிறார்கள். நாலிலும் ஒரே அளவு பாசியை விடுகிறார்கள். முதல் ஜாடியில் வேறு ஒன்றும் போடுவதில்லை. இரண்டாவது ஜாடியில் பிளாஸ்டிக் பொடியை மட்டும் போடுகிறார்கள். மூன்றாவது ஜாடியில் விஷம் மட்டும். நாலாவது ஜாடியில் இரண்டும்.

விளக்கு வெளிச்சத்தில் மூன்று நாலு நாட்கள் வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு ஜாடியிலும் பாசி எவ்வளவு பெருகியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். மூன்றாவது ஜாடியையும் நாலாவது ஜாடியையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

உண்மையில் ஜாடிகள் நாலு அல்ல. டஜன் கணக்கில் இருக்கும். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டிச் சோதிப்பார்கள். ஆனால் தத்துவம் இதுதான்.

விஷம் குறைந்தது!

ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் பொன்னிறப் பாசியான ஐசோகிரைசிசை எடுத்துக்கொண்டார்கள். விஷமாக அவர்கள் எடுத்தது குளோர்பைரிபாஸ். பயிரில் பூச்சியைக் கொல்லவும், வீட்டில் கரையானை ஒழிக்கவும் பல நாடுகளில் அடித்த மருந்து அது. நம் விவசாயிகளுக்கும் பழக்கமான பெயர்தான்.

பிளாஸ்டிக் பொடியை மட்டும் போட்ட ஜாடியில் பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போல் பெருகியது. பூச்சி மருந்து போட்ட ஜாடியில் பாசியின் வளர்ச்சி படுத்துவிட்டது.

இரண்டும் சேர்ந்த ஜாடியில்?

பாசி அவ்வளவு பாதிக்கப்படவில்லை! இரண்டே மணி நேரத்தில் மருந்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் மிஞ்சிய விஷம் கொஞ்சமே. பாசியைத் தாக்குவது தண்ணீரில் கரைந்துள்ள விஷம்தான். எனவே பாசி தப்பியது. 2019ஆம் ஆண்டு இந்த முடிவு வெளியாயிற்று.

அதே ஆண்டு, ஸ்கெலிடோனீமா என்ற இன்னொரு கடல் பாசியை வைத்து நடத்திய சோதனை முடிவும் வந்தது. அதில் விஷம் டிரைக்ளோசான். கிருமியைக் கொல்வதற்காகச் சில சோப்பிலும் பற்பசையிலும் சேர்த்து வந்த சரக்கு இது. அந்தச் சோதனையிலும் பிளாஸ்டிக்கும் விஷமும் சேர்ந்தபோது, இரண்டின் கெடுதலையும் கூட்டினால் வரவேண்டிய அளவுக்குக் கெடுதல் வரவில்லை. எந்தப் பிளாஸ்டிக் விஷத்தை அதிகமாகப் பிடித்துக்கொண்டதோ, அந்தப் பிளாஸ்டிக் உள்ள ஜாடியில் கெடுதல் அதிகம் குறைந்தது.

விஷம் கூடியது!

சரி, பிளாஸ்டிக் பாசிக்கு நண்பன்தானா? அவசரப்படக் கூடாது.

போர்ச்சுக்கல் நாட்டு விஞ்ஞானிகள் டெட்ராசெல்மிஸ் என்ற பச்சைப் பாசியை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சோதித்த விஷம் பூச்சி மருந்து அல்ல. மனிதர் சாப்பிடும் மருந்துகள்! ஒன்று டாக்சிசைக்ளின், காய்ச்சலுக்கும் சீழ்ப் புண்ணுக்கும் டாக்டர்கள் கொடுக்கும் கிருமி மருந்து. இன்னொன்று புரோகைனமைடு, தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்தை அடக்கக் கொடுக்கும் மருந்து.

சாப்பிட்ட மருந்து முழுவதும் உடம்பிலேயே தங்குவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களாலும் அதை முழுவதும் பிரிக்க முடிவதில்லை. இப்படித்தான் மாத்திரை கடலுக்குப் போய்ச் சேருகிறது.

இந்தச் சோதனையில் பிளாஸ்டிக் பொடி தனியாகப் பாசியின் பெருக்கத்தைத் தடுக்கவில்லை. மருந்துகள் தனியாகக் கெடுதல் செய்தன. பிளாஸ்டிக்கும் மருந்தும் சேர்ந்தபோது, மருந்து தனியாகச் செய்ததைவிட அதிகக் கெடுதல் உண்டாயிற்று! 2018ஆம் ஆண்டு வெளியான முடிவு இது.

மாற்றமே இல்லை!

இதே பச்சைப் பாசியை வைத்துப் போர்ச்சுக்கலில் நடத்திய வேறொரு சோதனை முடிவு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் விஷம் செம்பு. கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கச் செம்பு கலந்த வர்ணம் பூசுவார்கள். அது கரைந்து துறைமுக நீரில் கலக்கிறது.

செம்பு பாசியின் வளர்ச்சியைத் தடுத்தது. பிளாஸ்டிக் பொடியைச் சேர்த்தாலும் அதே அளவுதான் தடுத்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதற்கு ஒரு காரணம் சொல்லலாம். செம்பு எண்ணெய்க் குணம் உள்ளது அல்ல. வழுவழுப்பான புதுப் பிளாஸ்டிக்கில் அது எளிதில் ஒட்டாது. ஆனால் கடலில் பல மாதம் கிடந்து, வெயிலில் வெடித்து, அழுக்கு ஏறிய பழைய குருணையின் கதை வேறு. புதுக் குருணையைவிடப் பழைய குருணையில் உலோகங்கள் அதிகமாக ஒட்டுகின்றன என்று பிளிமத் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

ஏன் இந்த வேறுபாடு?

ஒரே பிளாஸ்டிக் ஓரிடத்தில் காப்பாற்றுகிறது, வேறிடத்தில் கெடுக்கிறது. இது எப்படி?

பிளாஸ்டிக் பொடியை ஒரு வண்டியாகவும், விஷத்தைச் சரக்காகவும் நினைத்துக்கொண்டால் இது புரியும்.

விஷம் வண்டியில் இறுக்கமாகக் கட்டிக்கொண்டால், தண்ணீரில் விஷம் குறைகிறது. பாசிக்குப் பாதுகாப்பு. பூச்சி மருந்தின் கதை இது.

ஆனால் சில வண்டிகள் மிகச் சிறியவை. அவை பாசியின் உடம்பிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. அப்போது சரக்கு நேராகப் பாசியின் வாசலில் இறங்குகிறது. கடல் நீர் முழுவதும் பரவியிருக்க வேண்டிய விஷம், ஒரே இடத்தில் திரண்டு தாக்குகிறது.

பிளாஸ்டிக் உரசிப் பாசியின் மேல்தோலில் காயம் உண்டாகலாம். ஒட்டிய துகள் வெயிலை மறைக்கலாம். இப்படி ஏற்கனவே நொந்த பாசி, விஷத்தைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. நோயாளிக்கு மேலும் ஒரு நோய் வந்தது போலத்தான்.

ஆகவே விடை நாலு விஷயங்களைப் பொறுத்தது: எந்த விஷம், எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு பொடி, எந்தப் பாசி என்பவையே அவை.

குறைந்தால் நல்லதுதானே?

“விஷத்தைப் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்டால் நல்லதுதானே? கடலில் இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக்கைக் கொட்டினால் என்ன?” என்று சிலர் கேட்கலாம்.

விஷம் எங்கும் போய்விடவில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான்!

சிப்பிப் பண்ணையை எண்ணிப் பாருங்கள். சிப்பிக் குஞ்சு தண்ணீரை வடிகட்டிப் பொன்னிறப் பாசியைத் தின்கிறது. அதே அளவில் பிளாஸ்டிக் துகளும் மிதந்தால், அதற்கு வித்தியாசம் தெரியாது. பாசியைத் தொடாமல் ஒதுங்கிய விஷம், பிளாஸ்டிக்கில் சவாரி செய்து சிப்பியின் வயிற்றுக்குள் இறங்குகிறது. பாசி தப்பியது. சிப்பி மாட்டிக்கொண்டது!

பிராணியின் வயிற்றுக்குள் உள்ள ஜீரண நீர், சோப்புப் போல வேலை செய்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு பிரிப்பது போல, பிளாஸ்டிக்கில் ஒட்டிய விஷத்தை அது பிரிக்கிறது. வெறும் கடல் நீரில் பிரிவதைவிட, வயிற்றில் உள்ளது போன்ற நிலையில் 30 மடங்கு வரை வேகமாக விஷம் பிரிகிறது என்று 2014ஆம் ஆண்டு பிளிமத் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

மீனுக்கும் சிப்பிக்கும் வழக்கமான இரை மூலமாக வரும் விஷத்தோடு ஒப்பிட்டால், பிளாஸ்டிக் மூலமாக வருவது கொஞ்சம்தான் என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. ஆனால் பிளாஸ்டிக் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதே தவிர, குறையவில்லை என்பதை அவர்களும் மறுப்பதில்லை.

பிளாஸ்டிக்கே கக்கும் விஷம்

பிளாஸ்டிக் பிறர் விஷத்தை மட்டும் சுமப்பதில்லை. தன்னிடம் உள்ள சரக்கையும் கக்குகிறது.

பிளாஸ்டிக்குக்கு நிறம் வேண்டும். வளையும் தன்மை வேண்டும். வெயிலைத் தாங்கும் சக்தி வேண்டும். இதற்காகத் தொழிற்சாலையில் பல ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். அவை தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் உள்ள மக்வாரி சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். கடைகளில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையையும், பி.வி.சி. விரிப்பையும் கடல் நீரில் ஊறவைத்தார்கள். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, ஊறிய தண்ணீரை மட்டும் புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிருக்குக் கொடுத்தார்கள்.

பாசி போலவே வெயிலில் உணவு தயாரிக்கும் உயிர் அது. அந்த இனத்தில் உலகக் கடல்களில் மிக அதிகமாக இருப்பது அதுதான். ஊறிய தண்ணீர் பட்டதும் அதன் வளர்ச்சி குன்றியது. அது வெளியிடும் பிராணவாயுவும் குறைந்தது! இந்த முடிவு 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று.

ஜாடி வேறு, கடல் வேறு

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மூச்சு முட்டிவிடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஜாடியில் போடும் பிளாஸ்டிக்கும் விஷமும், பெரும்பாலும் இன்றைய கடலில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். நாலு நாளில் முடிவு தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிப் போடுகிறார்கள். ஜாடியில் ஒரே வகைப் பாசி இருக்கிறது. கடலிலோ ஆயிரக்கணக்கான வகைகள். ஒன்று வாடினால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜாடியில் ஒரே ஒரு விஷம் இருக்கிறது. கடலில் நூற்றுக்கணக்கான விஷங்கள் கலந்திருக்கின்றன. ஜாடியில் சோதனை நாலு நாள். கடலில் அது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. ஜாடியைக் கழுவி வைத்துவிடலாம். கடலைக் கழுவ முடியாது!

உலகம் என்ன செய்கிறது?

முகம் கழுவும் பசைகளில் சேர்த்து வந்த பிளாஸ்டிக் மணிகளைத் தடுக்க அமெரிக்கா 2015ஆம் ஆண்டு சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டம் தொடங்கியது. 2022 ஜூலை 1ஆம் தேதி முதல் இந்தியா முழுவதும் சில வகைப் பொருள்களுக்குத் தடை ஏற்பட்டது.

குளோர்பைரிபாஸ் பூச்சி மருந்தை உலகம் கைவிட வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் 2025ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய நாடுகள் சேர்த்தன. சில பயிர்களுக்கும் சில காரியங்களுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், அதே ஜெனீவாவில், பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த ஓர் உலக ஒப்பந்தம் செய்வதற்காகக் கூடிய நாடுகள் உடன்பாடு காணாமல் கலைந்தன.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கடைக்குப் போகும்போது பையைக் கையோடு கொண்டு போகலாம். மிஞ்சிய மாத்திரையைச் சாக்கடையில் கொட்டாமல் இருக்கலாம். பூச்சி மருந்து அடிக்கும் விவசாயி, டப்பாவை வாய்க்காலில் கழுவாமல் இருக்கலாம். ஆற்றங்கரையில் குப்பையைக் கொட்டாமல் இருக்கலாம். வாய்க்காலில் விழுந்தது ஆற்றுக்குப் போகும். ஆற்றில் விழுந்தது கடலுக்குப் போகும்.

பெரிய துண்டாக இருக்கும்போது பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்கிவிடலாம். பொடியாகி விஷத்தைச் சுமந்த பிறகு, அதைப் பிடிக்க எந்த வலையும் இல்லை. பொறுக்க வேண்டிய நேரம், அது பொடியாவதற்கு முன்பு!